சக்கரம் சுற்றினால் கிளட்ச்சை மாற்றாதீர்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. முதன்முதலாக டிராக் ரேஸ் (நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் 402 மீட்டர் பாயும் பந்தயம்) ஓட்டப் போகிறேன். 5000 ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்று) கிளட்ச்சை விட்டால் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. குறைத்தால் வண்டி திணறுகிறது. 'ரேசிங் கிளட்ச் போட்டால் சரியாகிவிடும், 25,000 ஆகும்' என்கிறார் ஒருவர். போடலாமா?"

போடாதீர்கள் தம்பி. வழுக்குவது கிளட்ச் இல்லை, டயர். வண்டி பாயும்போது பாரம் பின்னால் போய்விடும். இழுக்க வேண்டிய முன்சக்கரம் லேசாகிவிடும். அதில் 5000-ஐக் கொட்டினால், ஆத்தங்குடிக் கல்லில் ஈரக்காலோடு ஓடுகிற கதைதான்.

2500-ல் ஆரம்பியுங்கள். கிளட்ச் பிடிக்கிற இடம்வரை காலைச் சட்டென்று தூக்கி, அங்கேயே ஒரு கணம் நிறுத்துங்கள். வண்டி தன் நீளத்துக்கு உருண்டதும் கிளட்ச்சை முழுசாக விட்டு ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். சுற்றினால் அடுத்த முறை 300 குறையுங்கள், திணறினால் 300 கூட்டுங்கள். பச்சை விளக்கைப் பார்த்துப் பதற வேண்டாம். 402 மீட்டருக்கான நேரம், உங்கள் சக்கரம் கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.

இதுவே டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) உள்ள டீசல் என்றால் கணக்கு வேறு. சுமார் 1800-க்குக் கீழே டர்போ தூங்கும், விழித்ததும் ஒரேயடியாக இழுக்கும். அதனால் கிளட்ச்சைப் பிடிக்கிற இடத்தில் இன்னும் சற்று நேரம் வைத்து, ஆக்சிலேட்டரைப் பாதியோடு நிறுத்தி, இரண்டாம் கியரில்தான் முழுக்க மிதிக்க வேண்டும். நண்பரின் டீசலில் பழகிவிட்டு அதே காலோடு உங்கள் பெட்ரோலில் உட்காராதீர்கள்.

இப்போது அந்த 25,000. பட்டன் போல உலோகத் துண்டு பதித்த ரேசிங் கிளட்ச் பிளேட் பாதி பிடிக்காது. பிடித்தால் முழுசாகப் பிடிக்கும். உங்களுக்கு வேண்டியதோ பாதிப் பிடிதான். போட்டால் சக்கரம் இன்னும் சுற்றும், அடி டிரைவ் ஷாஃப்டில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) விழும். 'ரேசிங் கிளட்ச் போட்டிருக்கிறேன்' என்று என்னிடம் வந்த ஒரு வண்டியைப் பிரித்தால், உள்ளே சாதாரண பிளேட், மேலே சிவப்புப் பெயின்ட். பில்லும் கிடையாது. அந்தப் பணத்தில் நல்ல டயர் இரண்டு வாங்குங்கள்.

பழக இடம் எங்கே என்பீர்கள். அதுதான் வயிற்றெரிச்சல். செட்டிநாட்டில் உலகப்போர்க் காலத்து ஓடுபாதையே இருக்கிறது. பிள்ளைகள் முறையாகப் பழக ஒரு நாள் திறந்துவிட யாருக்கும் மனமில்லை. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு 400 கிலோமீட்டர் போ என்கிறார்கள். அதற்காக ராத்திரி பைபாஸில் இறங்கிவிடாதீர்கள். பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் முதல் தடவையே 5,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. வண்டி இன்சூரன்ஸும் பந்தயத்துக்குச் செல்லாது.

ஓட்டத்துக்கு ஓட்டம் கிளட்ச் ஆறட்டும். கருகல் வாடை வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.