'பணயக்கைதி அரசியல்' என்றால் என்ன?

வேற்று நாட்டவரைச் சிறையில் போட்டு, அவருடைய அரசிடம் பேரம் பேசுவது. வழக்கு, தீர்ப்பு எல்லாம் காகிதத்தில் ஒழுங்காக இருக்கும். கடன் திரும்பவில்லையென்று ஒருவர் வீட்டு மாட்டை ஓட்டிப்போய்க் கட்டிவைப்பார்களே, அந்தக் கதைதான். மாடு என்ன தப்பு செய்தது?

பிரிட்டன், ஈரான் இரண்டிலும் குடியுரிமை உள்ள நாசனின் சகாரி-ராட்கிளிஃப் என்ற பெண், 2016 ஏப்ரலில் இரண்டு வயது நிரம்பாத மகளோடு டெஹ்ரான் விமான நிலையத்தில் பிடிபட்டார். தனிமைச் சிறை வேறு. பின்னணியில், 1970களில் ஈரான் முன்பணம் கட்டியும் பிரிட்டன் அனுப்பாத பீரங்கி வண்டிகளின் பாக்கி. 2021இல் கணவர் லண்டனில் வெளியுறவு அலுவலக வாசலில் கூடாரம் போட்டு 21 நாள் பட்டினி கிடந்தார். 2022 மார்ச்சில் சுமார் 40 கோடி பவுண்டு பாக்கி தீர்ந்தது. நாசனினும் வீடு திரும்பினார்.

அப்புறம், தூதரகம் நினைத்தால் மீட்டுவிடும் என்பது தப்பு: ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அதனால் சிறையில் போய்ப் பார்க்கக்கூட அனுமதி இல்லை.