புயல் இல்லாவிட்டால் பயமில்லையா? ஐப்பசி, கார்த்திகை மழைக் கேள்விகள்

'புயலாக மாறாது, தாழ்வுப் பகுதியாகவே கரையைக் கடக்கும்' என்று செய்தியில் சொன்னார்கள். அப்படியென்றால் பயமில்லைதானே? (சென்னை)

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற படிகள் எல்லாமே காற்றின் வேகத்தை வைத்துப் பிரித்தவை. மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், பெயரும் வைத்துவிடுவார்கள். எவ்வளவு மழை கொட்டும் என்பதை அந்தப் படி சொல்லாது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்ததே, அன்று கடலில் புயலே கிடையாது. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தை மூழ்கடித்த 49 செ.மீ. மழைக்கும் பெயர் வைத்த புயல் காரணமில்லை. இதற்கு நேர் எதிர், 2016-இல் வந்த வர்தா புயல். டிசம்பர் 12 அன்று சென்னையில் மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. ஆனால் அந்த வருடம் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு! அடுத்த கோடையில் குடிநீருக்கு அலைந்தோம்.

அதனால் நான் முதலில் பார்ப்பது பெயரை அல்ல, நகரும் வேகத்தை. வேகமாகக் கடந்து போனால் ஒரு நாள் மழையோடு தப்பிக்கலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால்தான் ஆபத்து. 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் புயல், புதுச்சேரி அருகே நகராமல் நின்றுகொண்டது. விடிந்து கணக்கெடுத்தால் புதுச்சேரியில் மட்டும் 48 செ.மீ.க்கு மேல். அறிக்கையில் 'மெதுவாக நகரும்', 'அதே இடத்தில் நீடிக்கும்' என்ற சொற்கள் வந்தால் வண்டியை மேட்டுப் பக்கம் நிறுத்திவிடுங்கள்.

ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு துளி இல்லை. போன் செயலியிலும் 80 சதவீதம் காட்டியது. யாரைத்தான் நம்புவது? (விழுப்புரம்)

கோபம் நியாயம்தான். ஆனால் அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்று ஒரு சொல் வருமே, அதை யாரும் படிப்பதில்லை. மாவட்டத்தின் மழைமானிகளில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யும் என்று அதற்கு அர்த்தம். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால்பங்குக்கு மேல். நிறம் சொல்வது மழையின் கடுமையை. இந்தச் சொல் சொல்வது பரவலை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

செயலி காட்டும் சதவீதம் கணினி மாதிரியின் கணக்கு. இரண்டு தெரு அகலத்துக்கு வரும் மழைமேகம் எந்தத் தெருவில் கொட்டும் என்பது அதற்குத் தெரியாது. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு என்றால், மழைமேகம் இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும் ரேடார் படம்தான் என் கட்சி.

கடலோரத்தில் விடியற்காலையில் அடித்துப் பெய்கிறது, பத்து மணிக்கு வெயில். கோவையில் இருக்கும் அக்கா வீட்டிலோ சாயங்காலம்தான் மழை. ஏன்? (கடலூர்)

நல்ல கவனிப்பு. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. தரையிலிருந்து கடலை நோக்கி ஒரு மெல்லிய காற்று கிளம்பும். அது எதிரே வரும் வடகிழக்குக் காற்றோடு கரையோரத்தில் முட்டும்போது ஈரக்காற்று மேலே எழும்பி மேகமாகிறது. அதனால்தான் பின்னிரவிலும் விடியலிலும் கரையில் மழை கூடும்.

உள்மாவட்டங்களின் கதை வேறு. பகல் வெயிலில் தரை சூடாகி, பிற்பகலில் இடிமேகம் திரண்டு, மாலையில் கொட்டும். ஐப்பசியில் இது அதிகம்.

சம்பாவுக்கு மேலுரம் போட வேண்டும். நாளைக்கு மழை என்கிறார்கள். இன்றே போட்டுவிடலாமா? (திருத்துறைப்பூண்டி)

வேண்டாம். ஓரிரு நாளில் கன மழை என்று இருந்தால் யூரியா வாய்க்காலோடு போய்விடும். கணக்குப் பாருங்கள்: ஒரு செ.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். பத்து செ.மீ. பெய்தால் நான்கு லட்சம்! வயலில் அது நிற்க இடமேது? முதலில் வடிகாலைத் தூர்வாரி வையுங்கள். மழை விட்டு, தண்ணீர் வடிந்து, சேறு மட்டும் இருக்கும் நாளில் உரம் போடலாம். நாலு நாள் தள்ளிப் போனால் பயிர் கோபித்துக்கொள்ளாது.

மொட்டை மாடியில் நானே மழையை அளக்கலாமா? (ஈரோடு)

தாராளமாக. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரம் போதும். வாளி சரிப்படாது, மேலே அகன்றிருக்கும். சுவரை விட்டுத் தள்ளி வைத்து, தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலை விட்டு அளந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் ஒரு நாள் கணக்கை முடிக்கிறது. அப்போதுதான் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியும்.

'கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை' என்று பாட்டி சொல்வார். மார்கழியில் வீட்டுக் கூரை வேலையை ஆரம்பிக்கலாமா? (நாகப்பட்டினம்)

பாட்டி சொன்னது பல வருடங்களுக்குப் பொருந்தும். கார்த்திகை கடைசியில் மழை மேகங்கள் தெற்கே இறங்கத் தொடங்கும், வட மாவட்டங்களில் பனி எட்டிப் பார்க்கும். ஆனால் தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் டிசம்பர் 22-23 இரவில் வந்தது. கடலூரைப் புரட்டிய 'தானே' புயல் 2011 டிசம்பர் 30-இல். மேலே சொன்ன காயல்பட்டின மழையும் மார்கழி பிறந்த கையோடு பெய்ததுதான். மூன்றும் மார்கழிக் கணக்கு! நீங்கள் இருப்பதோ டெல்டா கடலோரம். உள்வேலை இருந்தால் இப்போதே தொடங்குங்கள். ஓட்டைப் பிரிக்கிற வேலையைப் பொங்கல் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.