வாக்கர் எங்கே நடந்தார்?

கேள்வி: ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையல்காரர். ‘வாக்கர்’ என்ற ஆங்கிலேயக் குடும்பப் பெயருக்கு நடப்பவர் என்றா பொருள்? அப்படியொரு தொழில் உண்டா?

பதில்: உண்டு. அவர் நடந்தது தொட்டிக்குள். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நெசவும் நெகிழ்ந்திருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரோடு ஒருவகைக் களிமண்ணும் புளித்த சிறுநீரும் சேர்த்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். சிறுநீர் புளிக்கும்போது உண்டாகும் அம்மோனியா பிசுக்கை எடுத்துவிடும். மிதிபட மிதிபடத் துணி சுருங்கி, இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டிப்படும். இந்த வேலை செய்தவர் வட இங்கிலாந்தில் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். ஆகவே, முன்னோர் எந்தப் பக்கத்து ஆள் என்பதையும் இந்தப் பெயர் ஓரளவு சொல்லிவிடும்.

‘கவர்ட்’ என்றும் ஒரு குடும்பப் பெயர் உண்டு. எழுத்தைப் பார்த்தால் ‘கோழை’ என்ற ஆங்கிலச் சொல்லேதான். ஆனால் பெயர் பிறந்தது மாடு மேய்ப்பவரைக் குறித்த பழைய சொல்லிலிருந்து. அந்தக் குடும்பத்தார் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. இன்றைய அகராதியை வைத்துக்கொண்டு பழைய பெயருக்குப் பொருள் சொன்னால் இப்படித்தான் தவறும்.

கேள்வி: ஸ்காட்லாந்துப் பெயர்களில் வரும் ‘மக்’ நம் ‘மகன்’தானே?

பதில்: பொருள் அதுதான், உறவு இல்லை. ‘மக்’ கேலிக் மொழிச் சொல். ஒலி ஒத்துப்போவது தற்செயல். அயர்லாந்தின் ‘ஓ’ பேரனை, வழித்தோன்றலைக் குறிக்கும். வேல்ஸில் மகனுக்கு ‘அப்’ என்பார்கள். ‘அப் ரீஸ்’ என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, அந்தப் ‘ப்’ அடுத்த சொல்லோடு ஒட்டி ‘பிரைஸ்’ ஆனது. ‘அப் ஹவெல்’ இதேபோல ‘பவல்’ ஆனது. இந்த ஒட்டுதல் தெரியாதவர்கள் பிரைஸுக்கு ‘விலை’ என்று பொருள் எழுதிவிடுகிறார்கள்.

கேள்வி: பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு ஸ்பானியக் குடும்பப் பெயர் இருந்தால், ஸ்பானிய இரத்தம் கலந்திருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1849இல் ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா, நிலையான குடும்பப் பெயர் இல்லாதவர்கள் எல்லாரும் ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். வரியும் கணக்கெடுப்பும் ஒழுங்காக நடக்கவே இந்த ஏற்பாடு. அகரவரிசையில் அச்சிட்ட பெயர்ப் பட்டியலை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார்கள். அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் பெரும்பாலான பெயர்கள் ‘ஆர்’ எழுத்தில் தொடங்குவது அதனால்தான்.

கேள்வி: ஒரு குடும்பப் பெயரின் பொருளைக் கண்டுபிடிக்க எங்கே தொடங்குவது?

பதில்: பொருளை விட்டுவிட்டு ஆட்களிலிருந்து தொடங்குங்கள். தன் பிறப்புச் சான்றிதழ், பெற்றோருடையது, அவர்களுடைய பெற்றோருடையது என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு ஆவணத்திலும் ஆண்டு, ஊர், எழுத்துக்கூட்டல் மூன்றையும் உள்ளது உள்ளபடியே குறித்துக்கொள்ளுங்கள். திருத்தி எழுதிவிட்டால் தடயம் போய்விடும். இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் 1538இலிருந்து தொடங்குகின்றன. அங்கே எழுத்தர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார் என்பதால், ஒரே ஆளின் பெயர் இரண்டு மூன்று விதமாக இருக்கும். கிடைத்தவற்றுள் மிகப் பழைய வடிவத்தை, அந்த வட்டாரத்தில் அக்காலத்தில் வழங்கிய மொழியோடு வைத்துப் பார்த்த பிறகே பொருளுக்கு வர வேண்டும்.

பலர் சறுக்குவது, அதே பெயருள்ள புகழ்பெற்ற ஒருவரிடம் நேரே தாவிவிடுவதில். தொழிலால் வந்த பெயர் நூறு ஊர்களில் தனித்தனியே முளைத்திருக்கும். ‘உங்கள் குடும்பப் பெயருக்கான சின்னம்’ என்று விற்பதையும் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்பட்டு அவர் வாரிசுகளுக்குப் போவது. அதே பெயருள்ள எல்லாருக்கும் உரியதல்ல.