வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆதார், பாஸ்புக், சாதிச் சான்று போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கேள்வி இதுதான். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், சாதிச் சான்று மூன்றையும் படம் பிடித்து வகுப்புக் குழுவில் போடச் சொல்லியிருக்கிறார்கள். போடலாமா, போடாவிட்டால் பணம் நின்றுவிடுமா, சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு தாய் கேட்கிறார்.

போட வேண்டாம். நகலை நேரில் கொடுத்தாலும் விண்ணப்பம் ஏறும். உதவித்தொகைக்கு இந்தத் தாள்கள் வேண்டும், அவை குழுவில்தான் கிடக்க வேண்டும் என்று இல்லை. அந்த ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். கடைசித் தேதி நெருங்குகிறது, நாற்பது பேரிடம் தனித்தனியாக வாங்க நேரமில்லை, அதனால் குழுவில் கேட்கிறார். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளின் விவரம் வெளியே போவது பெரும்பாலும் இப்படி அவசரத்தில்தான்.

நாற்பது பெற்றோர் உள்ள குழுவில் ஒரு பாஸ்புக் படம் விழுந்தால் நாற்பது போனிலும் அது இறங்கும். பல போன்களில் கேலரிக்கும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் தானாகவே ஏறிவிடும். நம்ம ஊரில் ஒரு போன் ஒரு ஆளுடையது என்றும் சொல்ல முடியாது. அம்மா பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்க அண்ணன் ரீல்ஸ் பார்ப்பான், அப்பா கேரளாவில் வேலைக்குப் போயிருப்பார். 'எல்லோருக்கும் நீக்கு' என்பது ஏறத்தாழ இரண்டரை நாளுக்குள்தான் வேலை செய்யும். அதற்குள் நீக்கினாலும், கேலரியில் இறங்கியதும் மற்றொருவருக்கு அனுப்பப்பட்டதும் போய்விடும் என்று நம்ப முடியாது.

நகல் எடுத்து, எழுத்துகளின் மேலேயே குறுக்காக 'பீடித் தொழிலாளர் உதவித்தொகைக்கு மட்டும்' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையிடம் மூடிய கவரில் கொடுத்துவிடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுக்கலாம். முழு ஆதார் எண் தேவைப்படாத இடங்களுக்கு, ஆதார் தளத்திலேயே கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை இறக்கிக் கொடுக்கலாம். தளத்தில் இறக்கிய ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று தைரியமாக அனுப்பாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். பெயரும் வயதும் தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம்.

பள்ளியைவிட அதிகம் ஒழுகும் இடம் நெட் சென்டர். தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஏற்ற அங்கேதான் எல்லோரும் போகிறோம். ஆவணத்தைக் கடைக்காரர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அது அவர் போனில் ஒன்று, கணினியின் டவுன்லோட்ஸ் அடைவில் ஒன்று, ஸ்கேன் செய்தது ஒன்று என மூன்றாகத் தங்கிவிடுகிறது. பென் டிரைவில் கொண்டுபோங்கள். முடிந்ததும் டவுன்லோட்ஸ், ஸ்கேன் அடைவு, ரீசைக்கிள் பின் மூன்றையும் உங்கள் கண்முன்னே காலி செய்யச் சொல்லுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பை அங்கே திறந்திருந்தால், போனில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதிக்குப் போய் அதை வெளியேற்றிவிட்டே கிளம்புங்கள். பதிவு எண்ணையும் பாஸ்வேர்டையும் கடைக்காரர் நோட்டில் எழுதிவைக்க விடாதீர்கள். அடுத்த வருடப் புதுப்பிப்புக்கு வசதி என்பார். அதை நீங்களே வீட்டு நோட்டில் எழுதிவைக்கலாம்.

இனி சாதிச் சான்று. தாமிரபரணிக் கரையில் அந்த மூன்றிலும் ஆபத்தானது அதுதான். வங்கிக் கணக்கை மாற்றலாம், ஆதாரின் கைரேகையைப் பூட்டலாம். வகுப்பில் ஒரு பிள்ளைமேல் விழுந்த சாதி முத்திரையை எந்தப் பொத்தானும் அழிக்காது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் ஒரு மாணவனை அதே பள்ளி மாணவர்கள் சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் காயம். அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கவே கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பதிவேட்டில் எடுத்ததை வாட்ஸ்அப் பட்டியலில் மறுபடி சேர்த்தால் என்ன பயன்? 'எஸ்சி பிள்ளைகள் எழுந்திருங்க, பார்ம் வாங்கிக்கோங்க' என்று வகுப்பில் சொல்வதும் விவரக் கசிவுதான். கணினி தேவைப்படாத கசிவு அது. பெயர் சொல்லி ஒவ்வொருவராக அழைத்து, எல்லா உதவித்தொகைப் படிவத்தையும் ஒரே நிறக் கவரில் கொடுத்தால் போதும், காசும் ஆகாது.

ஆசிரியர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சில. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்திலிருந்து இறக்கும் எக்செல் பட்டியலில் பெயர், போன் எண், சாதி எல்லாம் சேர்ந்தே வரும். அடுத்தவருக்கு அனுப்பும்முன் தேவையில்லாத நெடுவரிசைகளை நீக்குங்கள். மறைத்து வைத்தால் போதாது, வாங்கியவர் இரண்டு சொடுக்கில் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். கோப்பை எக்செலிலேயே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம். பாஸ்வேர்டை அதே குழுவில் போடாமல் போனில் வாயால் சொல்லுங்கள். கூகுள் ஷீட் என்றால் 'இணைப்பு உள்ள எவரும்' என்பதை மாற்றி, பார்க்க வேண்டியவரின் மின்னஞ்சலை மட்டும் சேருங்கள். கூகுள் பார்மில் முடிவுச் சுருக்கத்தைக் காட்டும் தேர்வு திறந்திருந்தால், நிரப்பிய ஒவ்வொரு பெற்றோரும் மற்றவர் எழுதியதையும் பார்த்துவிடுவார். பலர் கவனிக்காமல் விடுவது இது. ஹைடெக் லேபில் எமிஸை உலாவியில் திறந்தால் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று அது கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த பீரியடில் அதே கணினியில் பிள்ளைகள் உட்காருவார்கள்.

வகுப்புக் குழுவைக் கலைக்கச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம், விடுமுறை அறிவிப்புக்கு அது நல்லது. அட்மின் மட்டும் செய்தி போடும்படி வையுங்கள். சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும், பெண்பிள்ளைகளின் வீட்டு எண்ணும்தான். வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பிராட்காஸ்ட் பட்டியலும் உண்டு, 256 பேர் வரை. ஆனால் உங்கள் எண்ணைப் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போகும். வராதவர்கள் பெரும்பாலும் சேமிக்காதவர்கள்.

பிளெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் முக்குக்கு முக்கு வைக்கிறோம், பெருமைதான், வைக்கட்டும். பெயரும் மார்க்கும் போதும். தேர்வு முடிவுத் தளத்தைத் திறப்பதே பதிவெண்ணும் பிறந்த தேதியும்தான். இரண்டையும் போட்டால் முழு மதிப்பெண் பட்டியலையும் தெருவில் வைத்த மாதிரி.

இப்படிச் சிதறும் விவரத்தை வைத்துத்தான் மோசடிக்காரனிடமிருந்து போன் வருகிறது. பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் சரியாகச் சொல்லி, 'உதவித்தொகை வந்திருக்கு, இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க' என்பான். பணம் வாங்க யுபிஐ பின் எப்போதுமே வேண்டாம், கொடுக்கத்தான் வேண்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. பரிவர்த்தனை எண், வங்கி, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும்முன் நிறுத்த முடிவது ஆரம்ப மணி நேரங்களில்தான்.

பிள்ளையின் படத்தை மாற்றி மிரட்டுவது வேறு வகை. பயத்தில் பிள்ளை முதலில் செய்வது எல்லாவற்றையும் அழிப்பது. அழிக்க விடாதீர்கள், திட்டவும் திட்டாதீர்கள். ஒரு முறை திட்டினால் அடுத்ததை உங்களிடம் சொல்லாது. மிரட்டியவனின் கணக்குப் பெயர், இணைப்பு, தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆபாசமான படமாக இருந்தால் அதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம், போனை அப்படியே போலீசில் காட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் பேசலாம். சைபர் கிரைம் காவல் நிலையம் நெல்லை மாநகருக்குத் தனி, மாவட்டத்துக்குத் தனி. 18 வயதுக்கு உட்பட்டவரின் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசத் தளம் இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாமலே அதற்கு ஓர் அடையாளக் குறி உண்டாக்கி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவற்றில் அதை நீக்க உதவும். பாலியல் குற்றம் என்றால் பள்ளிக்குள் பேசி முடிப்பதற்கு இடமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் புகார் செய்தே ஆக வேண்டும், செய்யாதது தண்டனைக்குரியது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 2023-இன் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தையாகவே கொள்கிறது. அரசுச் சலுகை கொடுப்பதற்கு ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்க வேண்டாம் என்று அதுவே இடம் தருகிறது, ஆனால் வாங்கிய விவரத்தைக் காப்பது வாங்கியவர் பொறுப்பு. ஆகவே தலைமையாசிரியரிடம் சண்டையாகப் போக வேண்டாம். 'ஐயா, குழுவில் வேண்டாம், கவரில் தருகிறோம்' என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான்கு பெற்றோர் சேர்ந்து சொல்லி, அதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நோட்டில் ஏறினால் ஆசிரியர் மாறினாலும் வழக்கம் நிற்கும். அப்படியும் கேட்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. ஏற்கனவே குழுவில் போட்டவர்கள் இன்று இரவே அதை நீக்கிவிட்டு, மற்றவர்களையும் கேலரியில் பார்த்து அழிக்கச் சொல்லுங்கள்.