எட்டு வயதில் சிறுநீரகக் கல்லா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகத்தில் 4 மி.மீ. கல் என்கிறார்கள். பால், தக்காளியை நிறுத்திவிட்டேன். ஆபரேஷன் தேவைப்படுமா டாக்டர்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் பாலைத் திரும்பக் கொடுங்கள் அம்மா. உணவிலுள்ள கால்சியம் கல்லை உண்டாக்கும் ஆக்ஸலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். பாலை நிறுத்தினால் கல் வரும் வாய்ப்புதான் கூடும், எலும்புக்கும் கேடு. தக்காளி பாவம், அதையும் கொடுக்கலாம். குறைக்க வேண்டியது உப்பு: சிப்ஸ், அப்பளம், ஊறுகாய், நூடுல்ஸ் மசாலா. உப்பு ஏறினால் சிறுநீரில் கால்சியமும் ஏறும்.

இந்த அளவு கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்குத் தினமும் சுமார் 1.6 லிட்டர் திரவம் வேண்டும். சென்னை வெயிலுக்கு இன்னும் கூடுதலாக. என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்தே தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். வகுப்பாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

விழும் கல்லை வடிகட்டிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குழந்தைக்குக் கல் என்றால் பரம்பரைக் கோளாறு, சிறுநீர்த் தொற்று, பாதையில் அடைப்பு இவற்றையும் பார்த்தாக வேண்டும். இறங்காவிட்டால் கல்லை உடைக்கும் அதிர்வலை, லேசர் சிகிச்சைகள் இருக்கின்றன. வலியோடு காய்ச்சலும் வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.