தலைமைப் பண்புக்குத் தவணை கட்டலாமா?

கேள்வி: லாரி புக்கிங் அலுவலகங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் என்னைக் குழுத் தலைவராக்கினார்கள். என்னையும் சேர்த்து ஐந்து பேர். தலைமைப் பண்பு, மென்பொருள் பொறியியல், சுய முன்னேற்றம் என்று இந்த ஆண்டு பதினொரு புத்தகங்கள் படித்தேன். குழுவில் எதுவும் மாறவில்லை. வேலை இரண்டு மாதம் தாமதம். ஆடித் திருவிழாவுக்குள் முடிக்க இன்னும் இரண்டு பேரைத் தருவதாக முதலாளி சொல்கிறார். இதற்கிடையே ஒரு முகவர், தலைமைப் பயிற்சிச் சான்றிதழ் 72,000 ரூபாய், வட்டியில்லாத் தவணை, ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம் என்கிறார். 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். சேரலாமா? அடுத்து எதைப் படிக்கலாம்?
- வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: சேர வேண்டாம். அடுத்த புத்தகமும் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் அந்த இரண்டு பேர். அது முகவரைவிட அவசரம். ஐபிஎம் நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினிக்கான இயங்குதள வேலையை நடத்திய ஃபிரெடெரிக் புரூக்ஸ் 1975இலேயே இதைச் சொல்லிவிட்டார்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும். உங்கள் பதினொன்றில் ஒன்றிலாவது இது வந்திருக்கும். பென்சிலால் கோடும் போட்டிருப்பீர்கள். ஆனால் முதலாளி "இரண்டு பேர் தருகிறேன்" என்றதும் அது நினைவுக்கு வரவில்லை, பாருங்கள். கணக்கு எளிது. ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள பத்து இணைப்புகள். ஏழு பேரானால் இருபத்தொன்று. ஆள் கூடியது இரண்டு, பேச்சு கூடியது இரண்டு மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருபவர் உங்களில் மிகத் திறமையானவராகத்தான் இருப்பார். நான் ஒருமுறை இதே தவறைச் செய்தேன். மூன்று வாரம் என் சிறந்த நிரலாளர் ஒரு வரி எழுதவில்லை; வாடகைக் கணக்கில் முன்பணம் எங்கே கழிகிறது என்று விளக்கிக்கொண்டே இருந்தார்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதலாளியிடம் வெறுங்கையோடு "வேண்டாம்" என்று சொல்ல உங்களால் முடியாது. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பி இழுப்பவர் ஒருவர், சலங்கை ஒட்டுபவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். தீபாவளி நெருக்கத்தில் மெருகுக்கு இரண்டு பேரைக் கூடுதலாக உட்கார வைத்தால் உண்மையாகவே வேலை ஓடும். மெருகு போடுபவர் கம்பி இழுத்தவரிடம் எதையும் கேட்கத் தேவையில்லையே. அதுபோல் உங்கள் வேலையிலும் யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய பகுதி இருக்கும்: பழைய பில்களைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது, அறிக்கைகளைப் பழைய அச்சோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, புக்கிங் குமாஸ்தாக்களுக்கான பயன்பாட்டுக் கையேடு. அந்த இரண்டு பேருக்கு இவற்றை மட்டும் கொடுங்கள். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் எழுந்து வந்து சந்தேகம் கேட்டால் வேலையை நீங்கள் சரியாக வெட்டவில்லை என்று பொருள். புரூக்ஸே தன் விதியை அளவுக்கு மீறி எளிமைப்படுத்தியதாகத்தான் எழுதினார்.

இப்போது முகவர். துண்டுப் பிரசுரத்தில் "21 நாட்களில் தலைவர் ஆகுங்கள்" என்று இருந்திருக்குமே? அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர், முகத்தைத் திருத்திக்கொண்டவர்களுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். "குறைந்தது" என்பதை விற்பனைக்காரர்கள் விழுங்கிவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாதாரணப் பழக்கம் படியச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. சாப்பாட்டோடு ஒரு பழம் தின்பதற்கே இந்தப் பாடு. மனிதரை நடத்தப் பழக 21 நாளாம்!

"வட்டியில்லாத் தவணை" என்றால், பெரும்பாலும், உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். பணம் மொத்தமாகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். பாதியில் நீங்கள் விலகினாலும் தவணை மாதாமாதம் கணக்கிலிருந்து கழியும். கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். முகவருக்குத் தரகு கிடைத்த பிறகு அவர் எண் "தொடர்பு எல்லைக்கு அப்பால்" இருக்கும். ஏற்காட்டு முகாம் என்பது கயிறு இழுப்பதும் படகுச் சவாரியும். சேலத்துக்காரருக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏற முகவர் எதற்கு? பஸ் இருக்கிறது.

இந்தக் கடைகள் ஏன் பெருகின? நல்ல நிரலாளருக்குச் சம்பளம் உயர வேண்டுமென்றால் அவரைத் தலைவராக்குவதைத் தவிர நம் நிறுவனங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆக்கிவிட்டு எதையும் சொல்லித்தருவதுமில்லை. கல்லூரியிலோ புரூக்ஸ் விதி இரண்டு மதிப்பெண் கேள்வி. விடையை ஒப்பித்தால் முடிந்தது. நடுவில் விழுந்த பள்ளத்தில்தான் முகவர் கடை போட்டிருக்கிறார்.

படித்த பதினொன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு யோசனையை எடுங்கள். நான் எடுப்பது இது: வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனியாக அரை மணி நேரம். வேலை எங்கே நிற்கிறது என்று அதில் கேட்காதீர்கள். அது யார் எதைச் செய்கிறார் என்று எழுதிவைக்கும் பலகையிலேயே இருக்கிறது. "இந்த வாரம் எது உங்களை நிறுத்தியது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் "ஒன்றுமில்லை சார்" என்பார்கள். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர், நீங்கள் இரவு பத்து மணிக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளைப் பற்றிச் சொல்லக்கூடும். கோபப்படாமல் குறித்துக்கொள்ளுங்கள். நிரல் சரிபார்ப்பு, அதாவது ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படித்துப் பார்ப்பது பற்றிக் கேட்பீர்களானால், ஒரு தடவைக்கு 400 வரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 2,000 வரி அனுப்பினால் எல்லோரும் "நன்று" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

கடைசியாக, முன்பணம். கடன் ஒப்பந்தத்துக்காகக் கைபேசி வழியாக ஏதாவது ஓடிபி சொன்னீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சொல்லியிருந்தால், நிதி நிறுவனம் அனுப்பிய முக்கிய விவர அறிக்கையை (Key Fact Statement) தேடுங்கள். இணையவழிக் கடனில், தொடக்கத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் கட்டி அபராதமின்றி விலகலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. எத்தனை நாள் என்று அந்த அறிக்கையிலேயே இருக்கும். சொல்லவில்லையென்றால் பயிற்சி நிறுவனத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி 3,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். "எங்கள் மேனேஜர் பேசுவார்" என்று போன் வரும். எழுத்தில் அனுப்பச் சொல்லி வைத்துவிடுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். ரசீது கையில் இருக்கட்டும்.