சில நன்னீர் நத்தைகளின் முட்டையை மற்ற உயிரினங்கள் ஏன் பெரும்பாலும் தின்பதில்லை?

தென் அமெரிக்க ஆப்பிள் நத்தை நல்ல உதாரணம். இரவில் நீரைவிட்டு மேலேறி, தண்டிலோ சுவரிலோ நூற்றுக்கணக்கான முட்டைகளைக் கொத்தாக இடும். நிறம் பளிச்சென்ற இளஞ்சிவப்பு. ஒளித்து வைக்கவே இல்லை, ஊரைக் கூட்டிக் காட்டுகிறது!

காவல், கருவைச் சூழ்ந்த திரவத்தில் இருக்கிறது. அதிலுள்ள நிறமிப் புரதம் செரிமானத்துக்கு மசியாது, கொதிசூட்டையும் தாங்கும். கோலிக்குண்டை விழுங்கிய கதைதான், வயிறு நிறையும், சத்து கிடைக்காது. செரிமான நொதிகளை முடக்கும் பொருளும் உண்டு.

இரண்டாவது புரதம் நிஜமான நஞ்சு. அதற்கு இரண்டு பகுதிகள்: ஒன்று செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும், மற்றது செல்சவ்வில் துளையிடும். குடத்தில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? அதேதான். இந்த நஞ்சு ஊசிவழி செலுத்தப்பட்ட எலிகளின் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு அவை இறந்தன.

இவற்றைச் சுரப்பது பெண் நத்தையின் ஒரு சுரப்பி. நத்தையையே தின்று வாழும் நத்தைப் பருந்துகூட அந்த இளஞ்சிவப்புச் சுரப்பியை மட்டும் பிய்த்து எறிந்துவிடும். ஆனால் காவல் முழுமையானதல்ல. நெருப்பெறும்பு இந்த முட்டைகளைத் தின்னும்.

எல்லா நத்தை முட்டையும் நஞ்சு என்று நினைத்துவிட வேண்டாம். மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நிறமற்ற கூழ்முட்டைகள் வேறு வகை நத்தைகளுடையவை. இந்த இளஞ்சிவப்புக் காவல் அவற்றுக்கு இல்லை.